ஏழாம் நம்பர் சைக்கிள் திரும்பி வந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனதைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், இருபத்தாறு நாளாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் பேனாவை எடுத்தேன். வாடகைச் சைக்கிள் கொட்டகையில் ரசீது எழுதுகிற பேனா இது, விட்டு விட்டுத்தான் எழுதும், தேய்ந்த இடத்தைக் கூட்டிப் படித்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பறவைக் காப்பக வாசல்வரை நடந்து வந்து, அங்கே என் ஸ்டூலில் உட்கார்ந்து, திரும்பிப் போக ஆட்டோவைக் கூப்பிடுகிறார். மாமா அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். ஒரு கட்டில், ஐந்து சட்டை, பறவைப் படம் போட்ட ஒரு புத்தகம், மூன்று டப்பா செயின் எண்ணெய். அறுபது வயது மனிதனின் குடித்தனம் அவன் சரளை தள்ளுகிற கைவண்டியிலேயே அடங்கிவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் உன் சின்ன வயதுச் சைக்கிளின் மணி இருந்தது. ஒவ்வொரு கொக்குக்கும் மணியடித்து அதைப் பறக்கவிட்டுவிட்டு நீ சிரிப்பாயே, அந்த மணிதான். அன்றைக்கு உனக்கு மணிக்காரி என்று பெயர் வைத்தவன் கடைசிவரை வேறு பெயரில் உன்னைக் கூப்பிட்டதில்லை. மணியைத் துணியில் சுற்றி உனக்காக வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை பாதையை மறுபடி திறந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கார் வராத இடம், புகை இல்லை, ஹாரன் இல்லை, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி, நடுவில் பதினான்கு கிலோமீட்டர் சரளைப் பாதை என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சரளை தானாக வந்து படுத்துக்கொண்டதாக நினைப்பு. மழை அரித்துப்போகிற இடத்தையெல்லாம் ஒற்றை ஆளாகக் கூடை கூடையாகக் கொட்டி நிரவியவனைப் பற்றி யார் கேட்டார்கள். ஒரு பெண் மட்டும் நேற்று, இங்கே ஒருத்தர் வழியில நின்னு பறவை பேரெல்லாம் சொல்வாரே, இன்னைக்கு லீவா என்று கேட்டாள். ஆமாம் லீவு என்று சொன்னேன்.

இனி எழுத வேண்டியதற்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாகப் போனால்தான் எனக்கு எழுத வரும். கொட்டகைச் சுவரில் தகர வில்லைகள் மாட்டிய பலகை இருக்கிறதல்லவா, நாற்பது சைக்கிளுக்கு நாற்பது வில்லை. சைக்கிள் உள்ளே போனால் சிவப்புப் பக்கம், திரும்பி வந்தால் வெள்ளைப் பக்கம். ஐந்தரைக்குப் பலகை முழுக்க வெள்ளையாக இருந்தால் வாசலைப் பூட்டலாம். பதினாறு வருடமாக இதுதான் எங்கள் சட்டம். நாங்கள் சைக்கிளை எண்ணினோம், மனிதர்களை எண்ணவில்லை. சைக்கிள் வந்தால் ஆளும் வந்தாயிற்று என்று கணக்கு, இதில் என்ன தப்பு வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கும் உன் மாமாவுக்கும் சண்டை. பெரிய சண்டை என்று நினைக்காதே, அக்கா தம்பிக்குள் வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறதுதான். இந்த வயதில் கைவண்டி தள்ளி முதுகை ஒடித்துக்கொள்ளாதே, சரளை ஏற்ற ஒரு சின்ன மோட்டார் வண்டி கேட்டு வாங்கு, இல்லை துணைக்கு ஒரு ஆளையாவது கேள் என்றேன். உள்ளே என்ஜின் சத்தம் கேட்டா குருவி முட்டையை விட்டுட்டுப் போயிடும்க்கா என்றான். எனக்கு நாக்கில் சனி. அப்போ நீ விழுந்து கெடந்தா அந்தக் குருவிங்களே வந்து உன்னைத் தூக்கிட்டு வரட்டும், நான் வர மாட்டேன் என்றேன். ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் ஏழாம் நம்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன் என் மேசையில் சார்ஜில் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் நாலாவது கிலோமீட்டரில் மரப்பாலத்துக்குக் கீழே கரை சரிந்திருந்ததாம், சைக்கிளைப் பாதையோரம் சாய்த்துவிட்டு அதைப் பார்க்க இறங்கியிருக்கிறான். அங்கேதான் வழுக்கி விழுந்தது. மேலே பாதையில் வந்த ஒரு வயதான கணவன் மனைவி சைக்கிள் அனாதையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள், பாலத்தடியில் கிடந்தவன் அவர்கள் கண்ணில் படவில்லை. யாரோ பொறுப்பில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று, பாவம், அந்தப் பெரியவர் ஒரு கையால் தன் சைக்கிளையும் ஒரு கையால் அதையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே நாலு கிலோமீட்டர் நடந்து வந்து, ஸ்டாண்டில் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்போது பின்பக்கம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழாம் நம்பர் நிற்கிறது. மூஞ்சியைக் கூடக் காட்டாமல் அறைக்குப் போய்விட்டான், அவ்வளவு ரோஷம் என்று நினைத்துக்கொண்டு வில்லையை வெள்ளைக்குத் திருப்பினேன். பலகை முழுக்க வெள்ளை. இதுவரைக்கும் விசாரணையில் சொல்லியிருக்கிறேன். இதற்காக யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, நல்லது செய்ய வந்த அந்தப் பெரியவரையும் யாரும் திட்டவில்லை.

சொல்லாதது இதுதான். பூட்டை எடுக்கும்போது அவன் போன் அங்கேயே சார்ஜில் இருந்தது. திரும்பி வந்தவன் போனை எடுக்காமலா அறைக்குப் போவான். அந்தக் கேள்வி எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்த கேள்விக்கு நான் வைத்துக்கொண்ட பதில், வேணும்னா வந்து கேட்டு வாங்கிக்கட்டும் என்பது. அதே நேரத்தில் போன் அடித்தது. மணிக்காரி என்று காட்டியது. நீதான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாய். எடுத்தால், மாமா எங்கேம்மா என்று கேட்பாய், சண்டையைச் சொல்ல வேண்டும், நீ அவன் பக்கம் பேசுவாய், போய்ப் பாத்துட்டு வாம்மா என்பாய். எனக்கு அலுப்பாக இருந்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். அது அடித்து ஓய்ந்ததும் வாசலைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் முதலில் உள்ளே போன இரண்டு பேர்தான் ஓடி வந்து சொன்னார்கள். ஒரே நொடியில் போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று உனக்குப் போனில் சொன்னேன். அது பொய். கால் எலும்பு முறிந்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து பாதைவரைக்கும் கரையில் இழுத்த தடம் இருந்தது, இரண்டு கையிலும் நகத்துக்குள் சரளை. விடிகிற வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம், ஈரமும் குளிரும்தான் கொண்டுபோனது என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வாசல் கல்தூணுக்கு வெளியே நின்றது, கார் நுழையக் கூடாது என்று அவனே நட்ட தூண், நடுத்தூணைக் கழற்றுகிற சாவி அவன் இடுப்பில் இருந்தது. கடைசியில் அவன் கைவண்டியிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். பாதை எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லை, அவ்வளவு சுத்தமாக நிரவி வைத்திருந்தான்.

போனைக் கையோடு கொண்டு போயிருந்தாலும் அந்தப் பாலத்தடியில் சிக்னல் கிடையாது. அதனால் போன் இல்லாமல் அவன் சாகவில்லை. போனைப் பார்த்த பிறகும் நான் தேடிப் போகாததால் செத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி இதை மறைத்து வைத்திருந்தேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மேலாளர் எழுதிக்கொடுத்த தாளில் அவனைப் பற்றி, நேரம் கடந்து விதியை மீறி உள்ளே தங்கியவர் என்று இருந்தது. அதில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இப்போது ஆளுக்கு ஒரு பெயர், ஒரு கையெழுத்து என்று புதுப் பதிவேடு போட்டிருக்கிறார்கள், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. நாளைக்குக் காலையில் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அந்தத் தாளை மாற்றி எழுதச் சொல்லப் போகிறேன். வேலை போனால் போகட்டும். செத்தவன் மேல் விதி மீறினான் என்ற பழி நிற்கக் கூடாது.

ஆனால் உனக்கு எழுதுவது வேலைக்காகவோ பழிக்காகவோ இல்லை. போன வாரம் நீ அழுதுகொண்டே, கடைசியா நான் போட்ட போனை மாமா எடுக்கலம்மா, என் மேல ஏதாவது கோபமா இருந்தாரா என்று கேட்டாய். நான், அதெல்லாம் இல்ல, சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றினேன். என் தப்பை நீ சுமந்துகொண்டு திரிகிறாய் என்று தெரிந்தும் மாற்றினேன். அவனுக்கு உன் மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. கோபம் என்னுடையது, போனும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு குறையில்லாமல் இருக்க வேண்டும், வேலைக்குச் சைக்கிளில் போகும்போது எந்த வழியாகப் போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. சண்டை போட்டிருந்தாலும் சொல்லிவிட்டுப் போ. இன்னொன்று, மாமா போனை நான் அணைக்கவில்லை, தினமும் சார்ஜ் போட்டு அதே மேசையில் வைத்திருக்கிறேன். இதைப் படித்த பிறகும் என்னோடு பேச உனக்கு மனம் வந்தால் அந்த எண்ணுக்கே கூப்பிடு. இந்தத் தடவை எடுப்பேன்.

உன் அம்மா