நீலத் தண்ணீர்

அன்பு மகளே,

வீட்டிலேயே அடைந்து கிடக்காதே என்று போனில் சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓவியக் குழுவோடு ஹோபார்ட் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தேன். அல்லிக் குளத்தை வரைந்தேன். வெயில் இதமாக இருந்தது. படம் பரவாயில்லை.

பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்துப் போயிருந்தேன். ஒன்றில் எனக்கு டீ. உன் அப்பாவுடையது சும்மாதானே இருக்கிறது என்று அதில் தூரிகை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

வரைந்து முடித்ததும் வழக்கம்போல எல்லோரும் நோட்டுகளைப் புல்லில் விரித்து வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து வரையும் மாவிஸ் என் படத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள்.

"என்னடி, உதடெல்லாம் நீலமா இருக்கு! பெயின்ட் தண்ணியையா குடிச்சே?"

அப்பா கோப்பையில் தண்ணீர் பாதியைக் காணோம். டீ தொடாமல் ஆறிப்போயிருந்தது. எனக்கு ருசி வித்தியாசமே தெரியவில்லை. இப்போதெல்லாம் சாப்பாடும் அப்படித்தான், நீ பயப்படாதே.

"நாங்க பெயின்ட் தண்ணியைத் தவறிக் குடிக்கும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவியே! நான் ஒரு தடவைகூடக் குடிச்சதில்லைன்னு என்னா பெருமை!" என்று சிரித்தாள் மாவிஸ். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "நீ படத்துலேருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவே. அவர்தான் பேப்பர் படிச்சுக்கிட்டே டீயை உன் கைக்கு நேரா நகர்த்தி வைப்பாரு. ஒவ்வொரு தடவையும்."

எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

உனக்குத் தெரியுமா?

அம்மா