பத்துக் கோதுக்கும் ஒரே பிடி

இன்று காலை கராஜில் மெழுகு டப்பாவைத் திறந்தேன். துப்பாக்கியில் சுட்ட வெற்றுக் கோதுகளை அச்சுக்குள் அமுக்குவதற்கு முன் விரலால் தடவுவோமே, அந்த ஆட்டுமயிர்க் கொழுப்பு. மழையில் நனைந்த செம்மறியின் வாசம் குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், மூக்கைப் பொத்திக்கொண்டு.

நீ முதலில் வந்தது ஆஸ்பத்திரியில் நான் இரத்தம் எடுக்கும் கதிரைக்கு. ஊசி போட்டு எடுத்ததே தெரியவில்லை என்றாய். "உங்க விரலுக்குக் கண்ணு இருக்குதுங்க" என்று கோயம்புத்தூர்த் தமிழில் சொல்லிவிட்டு, சனிக்கிழமையில் என்ன செய்வேன் என்று கேட்டாய். நான் உடுப்புத் தோய்ப்பேன் என்றேன். நீ துப்பாக்கி சுடுவேன் என்றாய். வால்வு செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் எஞ்சினியர், பருத்திச் சுடிதார், தலையில் பூப்போட்ட கிளிப். நான் நம்பவில்லை.

எனக்குத் தெரிந்த கோதுகள் வேறு. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் கிடந்தவை. அம்மா தொட விடமாட்டா. அதை உனக்குச் சொன்னபோது நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வந்து பாருங்க. பிடிக்கலைன்னா டீ குடிச்சிட்டுப் போயிடலாம்" என்றாய். வந்தேன். துப்பாக்கிச் சங்கத்துத் திடலில் முதல் வெடிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாம் சனிக்கிழமை தூக்கிப் போடவில்லை. லைசென்ஸ் எடுத்து முடிய மாதங்களாயின. அதற்குள் நீ என்னை உங்கள் ஊர் வழக்கில் "அம்மிணி" ஆக்கிவிட்டாய். "ரவையை எப்படி நிரப்புறது?" என்று நான் கேட்ட நாளில், "ரவையா? உப்புமா கிண்டவா போறோம்?" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உனக்கு அது தோட்டா.

உனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தொள்ளாயிரம் மீட்டரில் பத்து வேட்டு, பத்தும் நடு வட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆறு; மொத்தம் அறுபது. நீ ஐம்பத்தாறிலும் ஐம்பத்தேழிலும் கிடந்து உழன்றாய். இடம் வலமாகப் போனால் காற்றைத் திட்டலாம். உன் வேட்டுகளோ ஒன்று மேலே, ஒன்று கீழே போயின. சங்கத் தலைவர், முப்பது வருடமாகச் சுடும் வெள்ளைக்காரர், நீயே நிரப்பிய தோட்டாக்களைப் பார்த்து, "கடைத் தோட்டாவையே வாங்கிவிடு, வீண் வேலை" என்றார்.

உன் கராஜில்தான் சண்டை வந்தது. சுட்டதும் பித்தளைக் கோது பெருத்துவிடும். அதை அச்சுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்து போட்டு, கழுத்தில் குண்டை இறக்க வேண்டும். கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்கிற பிடி எல்லாக் கோதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடி மாறினால் வேகம் மாறும். நீ ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்தாய். எல்லாம் ஒரே அளவு. குண்டை இறக்கும் கைப்பிடி மட்டும் அன்று என் கையில் இருந்தது.

"இஞ்ச பார், சிலது வெண்ணெய் மாதிரி இறங்குது. சிலது முரண்டு பிடிக்குது."

"அளவு சரியா இருக்குது அம்மிணி."

"ஓம், அளவு சரி. பிடி சரியில்லை."

"கை ஏமாத்தும். கருவி ஏமாத்தாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளுக்கு நாற்பது பேருடைய நரம்பை விரலால் தேடிப் பிடிக்கிறவள் நான். உன்னிடம் கேட்காமலே முரண்டு பிடித்தவற்றை ஒரு பெட்டியிலும் இலகுவாக இறங்கியவற்றை இன்னொன்றிலும் போட்டேன். சனிக்கிழமை தனித்தனியாகச் சுடு என்றேன். நீ முகத்தை நீட்டிக்கொண்டு சுட்டாய். இரண்டு பெட்டியும் இரண்டு கொத்தாக விழுந்தன; முரண்டு பிடித்தவை ஒரு சாண் மேலே.

நீ எழுந்து நின்று, சங்கத்துக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்க, ஆங்கிலத்தில், "நான் தப்பு, இவ சரி" என்று கத்தினாய். அப்படி ஒரு தோல்வியை அவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடிய ஆளை நான் கண்டதில்லை.

காரணத்தை நீயே கண்டுபிடித்தாய். பழைய கோதுகளும் புதியவையும் ஒரே பெட்டியில் கலந்திருந்தன. சுட்டுச் சுட்டு, அமுக்கி அமுக்கி, பழைய பித்தளை இறுகிப் போயிருந்தது. அளவு ஒன்றுதான், திமிர் வேறு. பிறகு கழுத்துகளை நெருப்பில் காட்டி இளக்கினாய், எத்தனை முறை சுட்டவை என்று பார்த்துப் பிரித்து வைத்தாய். குண்டு இறக்கும் கைப்பிடியை மட்டும் எனக்கே விட்டுவிட்டாய்.

அந்த வருடம்தான், உன்னை முதலில் என் கதிரைக்குக் கொண்டுவந்த புற்றுநோய் திரும்பி வந்தது. என் கதிரையில் அமர்ந்து கையை நீட்டியபடி, "இந்த சீசன்ல அறுபது அடிக்காம நான் எங்கயும் போறதா இல்லை" என்றாய். நான் நரம்பைத் தேடினேன்.

மருந்து ஏற்றிய மூன்றாவது வாரம் கம்பளித் தொப்பியோடு வந்து திடலில் சுடும் பாயில் படுத்தாய். நான் பக்கத்தில், மடியில் புள்ளி எழுதும் அட்டையோடு. ஆறு, ஆறு, ஆறு. ஏழாவது கோட்டைத் தொட்டுக்கொண்டு உள்ளே நின்றது. நான் மூச்சு விட்ட சத்தத்துக்கு நீ திரும்பி முறைத்தாய். பத்தாவதுக்கு முன் காற்றுக் கொடி எழும்பியது. நீ காத்திருந்தாய். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கொடி தொங்கியது. சுட்டாய்.

ஆறு.

நீ எழும்பவில்லை. குனிந்து பார்த்தால், பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாய். தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, இந்தக் கோதுகளை எப்படித் தயார் செய்தாய் என்று கேட்டார். நீ படுத்தபடியே என்னைக் காட்டினாய். "அவகிட்டக் கேளுங்க."

அவர் கேட்டார். உன் முன்னாலேயே நின்று, நான் விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார்!

நீ போய் இரண்டாவது சீசன் இது. அழுகை இப்போது எப்போதாவதுதான் வருகிறது. எப்போதும் இருப்பது வேறொன்று: உன்னை எட்டிப் பிடிக்க வேண்டும் என்கிற ஆசை. அதை நீ எடுத்துக்கொண்டு போகவில்லை. போன சனிக்கிழமை ஐம்பத்தொன்பது அடித்தேன். காற்றும் தப்பில்லை, பிடியும் தப்பில்லை, என் அவசரம்தான். கூடத்துக்குள் போய் எல்லோருக்கும் கேட்க, "நான் தப்பு" என்று சொன்னேன்.

சிரிக்காதே. சீசன் முடிய இன்னும் நாலு சனிக்கிழமை இருக்கிறது.