சுரோப் பழச் சாறும் என் வயிற்றுக் குடித்தனக்காரர்களும்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
5-11-1982

என் அன்பு மருமகள் ஆர்லெத்துக்கு, உன் தாய்மாமன் லூர்துநாதன் எழுதுவது.

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். நீ சின்னப் பிள்ளையாக நெரவி ரோட்டு நாவல் மரத்தடியில் நாக்கெல்லாம் ஊதாவாக நின்றபோது, இந்தச் சாயம் நாக்கோடு நிற்காது, உள்ளே போய் ஏதோ வேலை பார்க்கும் என்றேன். உன் அம்மா ஆன்தோனெத் சிரித்தாள். இப்போது நீ பிரான்சில், மோன்பெலியேயில், எலிகளுக்கு அந்த ஊர் வேலியில் கொத்தாகக் காய்க்கிற கறுப்புச் சுரோப் பழத்தின் சாற்றை ஊட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறாய்: அந்தக் கறுப்புச் சாயத்தில் பெரும்பகுதி உடம்பில் சேர்வதில்லையாம், குடலுக்கு இறங்கிவிடுகிறதாம், அங்கே இருக்கிற கிருமிகள் அதை உடைத்துத் தின்ன, அவற்றில் நல்ல ஜாதி பெருகுகிறதாம். சந்தோஷம். உன் புரொபெசரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம், பாவம், மனம் உடைந்துபோவார். பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சை அன்று எனக்கு அம்மை போட்டிராவிட்டால் அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார் என்பது உனக்கே தெரியும்.

எலிக்குத்தான் பார்த்தோம், மனுஷனுக்கு இன்னும் தெரியாது என்று நீ எழுதியிருப்பது உன் அடக்கம். மனுஷன் இங்கே இருக்கிறேனே. உன் அத்தை சலோமி போன பிறகு சோறு தொண்டையிலேயே நிற்கிறது என்று சித்திரையில் எழுதியிருந்தேன் அல்லவா? ஜூலையில் உன் தம்பி ரோழே விடுமுறைக்கு வந்தபோது நீ காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். பழத்தைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரும், காய்ச்சியதுதான் ஆகும் என்று நீ சொல்லியனுப்பியதையும் சொன்னான். பாட்டிலைப் பார்த்ததுமே எனக்கு அது தெரிந்துவிட்டது.

அதைப் பிரெஞ்சு தேசியத் திருநாளான பதினாலு ஜூலை அன்றைக்கே திறந்தேன். எதிர்வீட்டு ஓகுஸ்தேனை உனக்கு ஞாபகம் இருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவன். கொடியேற்றத்துக்குப் போய்விட்டு, மார்பில் மெடல்கள் கிணுகிணுக்க நேரே என் வீட்டுக்கு வந்தான். உன் அத்தையின் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, சாப்பாட்டுக்கு முன் பசி எடுக்கக் குடிக்கிற அப்பெரித்தீப், பிரான்சிலிருந்து வந்தது என்று நீட்டினேன். தண்ணீர் கலக்க வேண்டும் என்று நீ லேபிளில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை, அதாவது பார்த்தும் பொருட்படுத்தவில்லை. அவன் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "ஏம்ப்பா லூர்து, இது ஒயினும் இல்ல, கஷாயமும் இல்ல. பென்ஷன்காரனைச் சீக்கிரமா அனுப்பி வைக்கிற சரக்கா?" என்றான். சொல்லிவிட்டுக் கிண்ணத்தின் அடியை விரலால் வழித்து நக்கினான்.

பக்கத்து வீட்டு ரோஷன் பேகத்திடம், நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் கோடானுகோடி பேர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், நல்ல மனசு. ஆனால் விஞ்ஞானம் போதாது. "வயித்துல பூச்சின்னா வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே லூர்துண்ணே, இதுக்கா சீமை மருந்து?" என்று வேப்பங்கொழுந்தை அரைத்துக் கலக்கிக் கொண்டுவந்துவிட்டது. மறுக்க முடியுமா? வாங்கி, அந்தப் பக்கம் திரும்பியதும் முருங்கைக்கு ஊற்றினேன். கோடி உயிரைக் கொன்றுவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியார் எத்தனை தடவை என்று எண்ணிக்கை கேட்பார்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கிருமி விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல், ஆர்லெத். தனியாள் தனியாள் என்று கோயிலில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எனக்குள்ளே இத்தனை பேர் பசியோடு காத்திருக்க, நான் எப்படித் தனியாள்? அவர்களுக்காகவே காலையில் பழைய சோறு. அதில் ஊறிப் புளிப்பதும் இவர்களுக்குச் சொந்தக்காரர்களாகத்தான் இருக்கும். அதையும் எலிக்குக் கொடுத்துப் பார்.

கல்லறைத் திருநாளுக்குச் சலோமிக்கு உன் பெயரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் என்னுடையது அணைந்துவிட்டது. உன்னுடையது நின்று எரிந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ராத்திரியில் கூட உட்கார்ந்து சாப்பிட யாராவது இருக்கிறார்களா மாமா, இருந்தால் குளிர்காலம் முழுக்க எலிகளோடு இருந்து வேலையை முடிக்கிறேன், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மாதம் இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறான். ஓகுஸ்தேன் ஒரு நாள் தவறாமல் வருகிறான். இரண்டு தட்டு வைத்து, மத்திக் குழம்பு ஊற்றி, பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம். நேற்று, உன் மருமகள் கெட்டிக்காரி, வேலையைப் பாதியில் விட்டு வரச் சொல்லாதே என்றான். இப்போதெல்லாம் அவன் கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிடுகிறான். மிச்சச் சோறு ரோஷன் பேகத்தின் ஆட்டுக்குப் போகிறது. அது தெருவிலேயே கொழுத்த ஆடாகிவிட்டது, அதன் வயிற்றிலும் குடித்தனம் பெருகியிருக்கும்.

ஆகையால் நீ வர வேண்டிய அவசியமில்லை. எலிகளைக் கவனி. குளிரில் காதை மூடிக்கொள். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் மாமன்,
லூர்துநாதன்

கையெழுத்துப் போட்டு, ஒட்டவும் போய்விட்டேன். ஒன்று பாக்கி.

மெடலும் வேப்பங்கொழுந்தும் ஆடும் நிஜம், கூடக் குறைய இருக்கலாம். ஓகுஸ்தேன் என்னோடு சாப்பிடுவது மட்டும் நான் கட்டிய கதை. ஆகஸ்டிலேயே அவன் மகன் வந்து அவனைப் பிரான்சுக்கு, துலூஸுக்கு, அழைத்துப் போய்விட்டான். அவன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய சாறும் அன்றைக்குக் குடித்ததோடு அப்படியே இருக்கிறது.

இரண்டு தட்டு வைக்கிறேன், அது நிஜம்.