நிழலில் நிறுத்திய சூரியக் கார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், என் முட்டிவலி மட்டும் என்னோடு சேர்ந்து படியேறுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கோபம் முந்திக்கொண்டு வருகிறது.

உங்கள் கம்பெனியின் சூரியக் கார் தினமும் சார்ஜ் ஒயர் சொருகினால்தான் ஓடுகிறது என்று நிறையப் புகார் வந்துவிட்டதாம், அதனால் கூரையில் பதித்த சூரியத் தகடுகளை எடுத்துவிட்டு இனி வெறும் தகரக் கூரையோடு தயாரிக்கப் போகிறார்களாம், அடுத்த மாதக் கூட்டத்தில் நீயும் தலையாட்டப் போகிறாயாம். சாப்பாட்டு மேசையில்கூடத் தகடுகளைப் பரப்பிவைத்து, வளைந்த கூரையில் எப்படி ஒட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நீ. புகார் சொன்னவர்களில் உன் மாமாவும் ஒருவன் என்பதால் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கார் எங்கே நின்றது தெரியுமா? ஷெட்டுக்குள்! போதாததற்குக் கெட்டித்துணியில் உறை வேறு. ஏண்டா இப்படி என்றால், "நாய்கூட நிழல் தேடித்தான் படுக்குது, ஆசையா வாங்குன வண்டியை அப்பளம் மாதிரி காயப்போடச் சொல்றியாக்கா?" என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள், "உறை நான் வாங்குனதில்ல, வண்டியோட இனாமா குடுத்தாங்க" என்று திருப்பிக் காட்டினான். உங்கள் கம்பெனி பெயர், கொட்டை எழுத்தில்!

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. பையன் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு இவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று முட்டை மார்க் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாட்டு எப்படிப் போடுவது என்று கடையில் அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார்களாம், வெயிலில் நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் அது அதன் தப்பு, வகுப்பே ஒரே தப்பை எழுதினால் அது டீச்சரின் லட்சணம். காரை நிழலில் விட்டே பழகிய ஜனங்களிடம் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? நீயாவது கேட்டிருக்க வேண்டாமா?

உறையை உருவி எடுத்துக்கொண்டு, வண்டியை வெளியே நிறுத்தவைத்துவிட்டுத்தான் வந்தேன். மாமா நேற்று போனில், "ஒயரைத் தொட்டே நாலு நாளாச்சுக்கா, சீட்டுதான் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது, அதுக்கும் உன் பொண்ணை ஒரு வழி பண்ணச் சொல்லு" என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுந்து பேசும்போது உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும், நீ நன்றாக இருப்பாய். தலையாட்டாதே. உறையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கூட்டத்தில் மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு அப்புறம் பேசு.

உன் கோபக்கார
அம்மா