எதிர்க்காற்று

ஆடி 9, வெள்ளி.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் தந்தை போர்க்காலத்தில் சண்டை விமானம் ஓட்டியவர். பர்மாவிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து கடலில் விழுந்து இறந்தார். அக்கா பிறந்த செய்தி அன்றுதான் அவருக்குக் கிடைத்திருந்தது. "என்னைப் பாக்கத்தான் அவ்ளோ வேகமா வந்தாரு" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

இன்று மாலை கேட்டார்கள். "சார், நீங்க காலேஜ்ல இன்ஜின் பாடம் நடத்துனவங்க. மெதுவா வந்திருந்தா பெட்ரோல் போதுமா இருந்திருக்குமா?"

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டு வெகுநாளாயிற்று. இன்ஜின் சுழற்சியைக் குறைத்து நிதானமாக வந்தால் அதே பெட்ரோலில் இன்னும் வெகுதூரம் பறக்கலாம் என்று உற்சாகமாக விளக்கினேன்.

"நீங்க ஸ்கூட்டர் ஓட்டுற மாதிரியா?" என்று சிரித்தார்கள்.

"ஆமாங்க. அப்படி வந்திருந்தா கரை சேர்ந்திருப்பாரு."

சிரிப்பு நின்றது. "அப்ப என்னாலதானா, சார்?"

தண்ணீர் மோட்டாரை நிறுத்தவில்லை என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

கொள்ளிடத்துப் பக்கத்து ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பலத்த எதிர்க்காற்றில் மெதுவாக வந்தால் வெகுநேரம் பறக்க வேண்டியிருக்கும்; சற்று வேகமாக வருவதே சிக்கனம். அக்கா ஆடியில் பிறந்தவர்கள். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும். அவர்கள் அப்பாவும் பர்மாவிலிருந்து மேற்கு நோக்கித்தான் வந்தார். காலையில் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கடல்மேல் காற்று அடித்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும்.