அட்மின் நானா, அதுவா?

மார்ச் 3, செவ்வாய்

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் திரையில் வரவில்லை. அந்தப் பாடாவதி மென்பொருளுக்கு ஒரு சிஸ்டம் ஃபைலின் பழைய பதிப்புதான் வேண்டுமாம். புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தேன். படம் வந்தது. வந்துவிட்டேன்.

மார்ச் 4

காலையிலேயே டாக்டரம்மா போன். "என்ன தம்பி, பேஷன்ட் வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்காரு, உங்க மெஷின் வாயைத் திறக்க மாட்டேங்குது!"

ஓடினேன். நான் வைத்த ஃபைலைக் காணோம். பழையபடி புதியது சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி அதுவே. சிஸ்டம் தானே மாற்றிக்கொள்கிறது; என்னைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அட்மின் நானா, அதுவா?

எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை முதலாளி: "முடிச்சிட்டேன்னு பொய்யா சொன்ன? நாளைக்குள்ள ஓடலைன்னா நீ இங்க வரவே வேணாம்."

பொய்யாம்!

வீட்டில் அக்கா வேறு: "கம்ப்யூட்டருக்கே உன்னைப் பிடிக்கலை போலடா." சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 5

சிஸ்டம் ஃபைல்களை மாற்றவிடாமல் காக்கும் பாதுகாப்பையே அணைத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். எக்ஸ்ரே ஓடுகிறது. இப்ப என்ன பண்ணுவ?

மார்ச் 6

பிரின்டர் செத்தது. அப்பாயின்ட்மென்ட் புரோகிராம் திறக்கவில்லை. எல்லாம் அந்த ஒரே ஃபைலின் புதிய பதிப்பை நம்பித்தான் ஓடுகின்றனவாம். வரவேற்பறை முழுக்க வீங்கிய கன்னங்கள். டாக்டரம்மா: "ஒண்ணைச் சரி பண்ணச் சொன்னா மத்ததையெல்லாம் கெடுத்து வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் புரிந்தது. வருகிற மென்பொருளெல்லாம் தன் வசதிக்குப் பொது ஃபைலை மாற்றினால் மற்றவை சாகும். அதனால்தான் சிஸ்டம் நல்ல பிரதி ஒன்றைத் தனியே வைத்திருந்து, எவன் கை வைத்தாலும் திரும்பப் போடுகிறது. அந்த எவன் - நான்தான்.

பாதுகாப்பைத் திரும்பப் போட்டேன். புதிய ஃபைல் தன் இடத்துக்கு வந்தது. பழையதை எக்ஸ்ரே மென்பொருளின் சொந்த ஃபோல்டரில் வைத்தேன். அது முதலில் அங்கேதான் தேடும். எல்லாம் ஓடுகின்றன. முதல் நாளே இதைச் செய்ய என்ன கேடு எனக்கு? திமிர்.

முதலாளி என் வேலைச் சீட்டைப் படித்துவிட்டு டிராயரில் வைத்துப் பூட்டினார். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19

எக்ஸ்ரே கம்பெனி புதுப் பதிப்பு அனுப்பியிருக்கிறது. திருந்தவே இல்லை. அதுவும் நேரே சிஸ்டம் ஃபைலில் கை வைக்கிறது. சிஸ்டம் திரும்பப் போட்டுவிடுகிறது. போன் செய்தேன்.

"பாதுகாப்பை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க பாஸ், ஓடிரும்," என்றான் அங்கிருந்தவன்.

"ஊர் குடிக்கிற தண்ணியில கை கழுவுவீங்க, தடுத்தா தடுக்கிறவனைத் தூக்கணுமா? உங்க ஃபைலை உங்க ஃபோல்டர்ல வைங்கய்யா!"

தொண்டை கட்டும்வரை கத்தினேன். முதலாளி அறையை விட்டு வந்தார். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார்.

"எங்க இன்ஜினியர் சொல்றபடி மாத்தி அனுப்புங்க," என்று வைத்துவிட்டார்.