உன் கப்புகளை நான்தான் கொடுத்தேன்

இன்று காலை ஆலத்தூர் நாட்டு மலைக்கிராமத்தில் ஒரு கைக்குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில், எனக்கு உன் கப்பில் டீ கொடுத்தார்கள். வெளிர்பச்சைப் பீங்கான், பிடியில் சின்னக் கீறல். மிளகு தட்டிப் போட்ட டீயின் வாசம் முகத்தில் அடித்ததும் எனக்குக் குடிக்கவே தோன்றவில்லை. கப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

"ஏனுங் சிஸ்டர், சூடு பத்தலீங்களா?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

"பத்துதுங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீ சேர்த்து வைத்த கப்புகளை ஊருக்கெல்லாம் கொடுத்தது நான்தான். உன் அண்ணன் அதை அநியாயம் என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

மலைக்கு மாற்றலாகி வரும் நம்மைப் போன்ற கீழ்நாட்டு ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டே, நினைவிருக்கிறதா? நல்ல பாத்திரம் எதையும் பெட்டியிலிருந்து எடுக்க மாட்டோம். இன்றோ நாளையோ இறங்கிவிடப் போகிறோம், எதற்கு அவிழ்ப்பானேன் என்று இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு குடித்தனம் நடத்துவோம். அப்படியே பத்து வருஷம் ஓடிவிடும். நாம் இருந்த செம்மேட்டுக் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இல்லாத வீடே கிடையாது. என் கட்டிலுக்கடியிலும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு வந்த டீ செட்.

நீ ஆபீஸ் கிளார்க்காக வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய அன்றே ஆணி அடித்துப் பலகை மாட்டினாய். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கீழே சேந்தமங்கலம் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கப் வரும். பழைய பாத்திரக் கடையில் எடுத்தது, சந்தை ஓரம் சாக்கு விரித்த குவியலில் பொறுக்கியது, வீடு காலி செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கியது. ஒன்றோடு ஒன்று சேராது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் ஏறி வருவாய். குமட்டுகிறது என்றவர்களுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுப்பாய். மடியை மட்டும் எந்தக் குழந்தைக்கும் விட்டுத்தர மாட்டாய்.

"காப்பி வெளையற மலையில உக்காந்துட்டு டீத்தூளுக்குக் கீழ எறங்கறவ நீ ஒருத்திதான் புள்ள" என்று கிண்டல் செய்வேன்.

"எல்லாரும் குடிக்கறதையே நானும் குடிக்கோணுமா?" என்பாய்.

மழைக்குத் தடித்த கப், வெயிலுக்கு மெலிந்தது. பால் டீக்கு உள்ளே வெள்ளை, வரட்டீக்கு உள்ளே நீலம். விளிம்பு மெலிந்திருந்தால் கப் இருப்பதே தெரியாமல் டீ மட்டும் வாய்க்கு வரும் என்று சொன்னாய். பெரிய கண்டுபிடிப்பு என்று சிரித்தேன். பிறகு, பனி மூடி எதிர்வீடு தெரியாத ஒரு காலையில் அப்படிக் குடித்துப் பார்த்தேன். அதுவரை எவர்சில்வரில் உதட்டைச் சுட்டுக்கொண்டே அவசரமாகக் குடித்து முடிப்பதைத்தான் டீ என்று நினைத்திருந்தேன். அன்று அரைமணி நேரம் ஒரே கப்போடு உட்கார்ந்திருந்தேன். டியூட்டிக்குத் தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கினேன். பரவாயில்லை.

உன் வீட்டுக்கு வருகிறவருக்கு முதல் நாளே ஒரு கப் ஒதுக்கிவிடுவாய். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அவருக்கு அதேதான். உன்னிடம் மனு எழுதி வாங்க வந்த குண்டூர் நாட்டு மிளகுக்காரருக்கு, இருப்பதிலேயே மெலிந்த, தங்கக் கோடு போட்ட கப்பை எடுத்தாய். அவர் பயந்துபோனார்.

"எனக்கு டம்ளர்ல குடுங்கம்மா. கை மொரட்டுக் கை, ஒடச்சுப் போடுவேன்."

"ஒடஞ்சா ஒடையட்டுங்க. ஆறறதுக்குள்ள குடிங்க."

எனக்கு ஊதாப்பூப் போட்ட கப். உனக்கென்று மட்டும் எதுவும் கிடையாது. அன்றைக்கு எந்தக் கப்புக்காரர் வரவில்லையோ, அந்தக் கப்பில் குடிப்பாய்.

ஒரு ஐப்பசி மழையில், கேட்காமல் கொள்ளாமல் என் கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியை இழுத்தாய். கயிற்றை அறுத்தால் உள்ளே டீப்பாட் மூடி மூன்று துண்டு, இரண்டு கப்பில் விரிசல். யாரும் தொடாமலே உடைந்திருந்தது.

"நான் பஸ்ல குலுங்கக் குலுங்கக் கொண்டாந்தது ஒண்ணுகூட ஒடையல. நீ பத்திரமா வெச்சதைப் பாரு" என்றாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. என் பொருளை உடைத்தவளே நீதான் என்பதுபோல் அத்தனை கோபம். மூன்றாம் நாள் மீதிக் கப்பைக் கழுவி அலமாரியில் வைத்தேன். மலையேறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் நான் இந்த மலைக்குக் குடிவந்தேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன காலையில் ஜீப்பில் உன்னை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். உன் மணிக்கட்டு என் கையில் இருந்தது. நர்ஸாக இருந்து என்ன பிரயோசனம்? பாதி வளைவு தாண்டுவதற்குள் நாடி நின்றுவிட்டது. அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை, ஏற்கவும் போவதில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் வீட்டைக் காலி செய்ய உன் அண்ணன் வந்தார். நீ இருந்த ஒன்பது வருஷத்தில் அவர் மலையேறியது அதுதான் முதல் தடவை. வளைவு ஏறினால் தலை சுற்றும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர். கையில் அட்டைப்பெட்டியும் பழைய பேப்பரும் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி ஞாபகமா எங்க ஊட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிடறனுங்க. யாரும் பொழங்க மாட்டாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வாசலில் உனக்காக வந்தவர்கள் நின்றிருந்தார்கள். மிளகுக்காரர், மினிபஸ் டிரைவர், ஆலத்தூர் நாட்டுப் பெண்கள். உன் அடுப்பைப் பற்றவைத்து, பெரிய குண்டாவில் டீ போட்டேன். பலகையிலிருந்த கப் எல்லாவற்றையும் இறக்கி, அவரவர் கப்பில் ஊற்றி அவரவர் கையில் கொடுத்தேன். குடித்து முடித்தவர்களிடம், "கப்பு உங்களுதுதானுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. தெனமும் இதுல குடிங்க" என்றேன். மிளகுக்காரர் தன் துண்டை அவிழ்த்துக் கப்பைச் சுற்றிக்கொண்டார்.

"என்னங்க சிஸ்டர் இப்பிடிப் பண்றீங்க?" என்று உன் அண்ணன் கேட்டார். அவருக்கும் ஊற்றலாமென்று பலகையைப் பார்த்தால் அவருக்கான கப் இல்லை. நீ ஒதுக்கவேயில்லை, அவர் வந்தால்தானே ஒதுக்குவாய்? என் ஊதாப்பூக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அழுதார். அதை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நேற்றும் போன் செய்தார். "பீரோ செஞ்சு வெச்சாச்சுங்க. எல்லாத்துகிட்டயும் கேட்டு வாங்கி அனுப்பிடுங்க."

"முடியாதுங்க" என்றேன். "வேணும்னா நீங்க ஏறி வாங்க. ஊடு ஊடாக் கூட்டிட்டுப் போறேன். அவங்க குடுக்கற டீயைக் குடிச்சுப் போட்டு, அப்பவும் கப்பைக் கேக்க வாய் வந்தாக் கேளுங்க."

"எங்கிட்ட அவ குடிச்ச கப்பு அந்த ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார்.

அது நான் குடித்த கப் என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொல்ல மாட்டேன். "அதைப் பூட்டி வெக்காதீங்க. காலையில அதுலயே டீ ஊத்திக் குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.